மூணு புள்ளி வைத்த சாமான்

அந்த வீட்டு முன்னறையில் பதினாலு மாதமாக ஓர் இன்ஜின் குடியிருந்தது. "ரெண்டே வாரம்" என்று பெட்டியோடு வந்திறங்கும் உறவுக்காரர் மாதிரித்தான் அதுவும் வந்தது. மறுநாளே கைகாலை நீட்டிக்கொண்டது. கிராங்க் கதவோரம், ஹெட் ஜன்னலடியில், ஆறு பிஸ்டன்கள் சுவரை ஒட்டி, ஃப்ளைவீல் என்கிற கனத்த சக்கரம் அதற்கு அப்பால், மூன்று கார்புரேட்டர்கள் முன்பு டிவி இருந்த மேசையில், இருநூற்றுச் சொச்சம் நட்டும் போல்ட்டும் தரையில் விரித்த செய்தித்தாள்களின் மேல். வாசலிலிருந்து அடுப்படிக்குப் போக நடுவில் ஓர் அடி அகலத்துக்குப் பாதை விடப்பட்டிருந்தது. அதில் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போக முடியும். விருந்தாளிகள் வருவது முதல் மாதத்திலேயே நின்றுபோனது. அது ஒன்றுதான் இன்ஜினால் விளைந்த நன்மை என்று வீட்டுக்கார அம்மாள் சொல்வார்.

பட்டறைக் கூரை ஒழுகியதால்தான் இன்ஜின் வீட்டுக்கு வந்தது. கூரையை ஆறாம் மாதத்திலேயே சரிபண்ணிவிட்டார்கள். ஆனால் அதற்குள் இன்ஜின் முழுக்கப் பிரிந்து தரையெங்கும் பரந்துவிட்டது, அதை இடம் மாற்ற முடியவில்லை. அம்மாளின் கணவரான மெக்கானிக்கின் வேலைமுறை அப்படி. கழற்றிய வரிசையிலேயே தரையில் வைத்துக்கொண்டு போவார். எதையும் எழுதி வைக்க மாட்டார், படம் எடுக்க மாட்டார். கடைசியில் கழற்றியது முதலில் ஏறும், அவ்வளவுதான் கணக்கு. தரைதான் அவருடைய நோட்டுப்புத்தகம். அந்த நோட்டுப்புத்தகத்தின் மேல் துடைப்பம் படக் கூடாது, மின்விசிறி வேகமாகச் சுற்றக் கூடாது, யாரும் தும்மக் கூடாது.

அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. இனி ஆகாது என்று ஒரு சாமானைக் கழித்துவிட்டால், சென்டர் பஞ்சு என்கிற கூர்முனை இரும்பை அதன் மேல் நிறுத்திச் சுத்தியலால் மூன்று தட்டு. முக்கோணமாக மூன்று புள்ளி விழும். கழித்த சாமானை எவனாவது பளபளவென்று தேய்த்து வேறு எவன் தலையிலாவது கட்டிவிடுவானே என்ற பயம். தொழிலில் இருக்கும் மற்றவர்களுக்கு இந்தப் பயம் கிடையாது. கட்டுகிறவர்களே அவர்கள்தானே. பழக்கம் முற்றி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அடுப்படியில் குக்கர் மூடியில் மூன்று புள்ளி, இரும்பு நாற்காலியின் காலில் மூன்று புள்ளி. அம்மாள் அந்தக் குக்கரில்தான் சமைத்தார், அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார்.

அம்மாள் பஸ் கண்டக்டர். தெருவுக்கே கண்டக்டரம்மா. இருபத்தி நாலு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே சீட்டுக் கிழித்தவர். "உள்ள போங்க, உள்ள போங்க, பின்னால காலியாத்தான் இருக்கு" என்று நாளைக்கு நானூறு தடவை பொய் சொன்ன குரல். பஸ்ஸின் ஸ்பிரிங் செய்யாமல் விட்ட வேலையை அவருடைய முட்டிகள் செய்தன. இடது முட்டி தேய்ந்து, எலும்பும் எலும்பும் உரசும் சத்தம் எதிரில் நிற்பவருக்கே கேட்கும்.

"இந்தச் சத்தம் ஒரு இன்ஜின்ல கேட்டிருந்தா அன்னிக்கே பிரிச்சுப் போட்டிருப்பீங்க" என்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பிய அன்று மழை. குடையைச் சாய்த்து வைக்க இடமில்லாமல் வாசல்படியிலேயே நின்றார். மெக்கானிக் தரையில் சம்மணமிட்டு, எண்ணெய்த் துணியால் கிராங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் தினமும் ஒரு தரம் துடைக்காவிட்டால் இரும்பு முகம் சிவந்துவிடும்.

"தேதி குடுத்துட்டாங்க."

"எதுக்கு?"

"என்னைப் பொண்ணு பாக்க வர்றதுக்கு. எதுக்காம்! முட்டி ஆபரேஷனுக்குத்தாங்க. இருபத்தி மூணாம் தேதி."

"எந்த மாசம்?"

"இந்த மாசம்."

துணி நின்றது. காலண்டர் கார்புரேட்டர்களுக்குப் பின்னால் இருந்தது. எட்டிப் பார்த்தார். "பத்தொம்பது நாள்தான் இருக்கு."

"எட்டு மாசம் வரிசையில நின்னு வாங்கின தேதி. இத விட்டா இன்னொரு எட்டு மாசம். டாக்டர் தெளிவாச் சொல்லிட்டாரு. ஆறு வாரத்துக்கு மாடிப்படி கூடாது. கீழயே கட்டில், கீழயே கக்கூஸ். வீட்ல கீழ ரூம் இருக்காம்மான்னு கேட்டாரு."

"என்ன சொன்ன?"

"இருக்கு டாக்டர், ஆனா உள்ள ஒருத்தர் படுத்திருக்காருன்னேன். வயசானவரான்னாரு. அறுபது வயசு, ஆறு சிலிண்டர்னு சொன்னேன்."

மெக்கானிக் சிரிக்கவில்லை. நிஜமான விஷயத்தைச் சொல்லும்போதுதான் அவள் இப்படிப் பேசுவாள் என்று இருபத்தேழு வருஷமாக அவருக்குத் தெரியும்.

"எல்லாத்தையும் மூட்டை கட்டி மாடியில போட்டா?" என்று அவரே கேட்டு, அவரே பதிலும் சொன்னார். "வரிசை போயிடும். வரிசை போனா முதல்லேருந்து அளக்கணும். மூணு மாசம்."

"இங்கயே இருந்தா என் வரிசை போயிடும்."

"அந்த ஒரு ஷாஃப்ட் வந்துட்டாப் போதும்டி. பத்து நாள்ல பூட்டி அனுப்பிடுவேன்."

"போன மழைக்கும் இதையேதான் சொன்னீங்க. இதே துணியோட."

கண்டக்டரம்மா குடையை மடக்கி, பாதையில் ஒருக்களித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். நட்டுகள் பக்கம் வந்தபோது வலி தாங்காமல் நின்றார். கீழே கால் வைக்க அங்கே இடமில்லை. ஒற்றைக் காலில் நின்றார்.

வராத அந்த ஷாஃப்ட் என்ன என்று சொல்லிவிட வேண்டும். இன்ஜினின் தலைக்குள் இரண்டு நீளத் தண்டுகள் சுழலும். அவற்றில் முட்டை வடிவத்தில் மேடுகள் இருக்கும், அந்த மேடுகள்தான் வால்வுகளை அழுத்தித் திறக்கும். கேம்ஷாஃப்ட் என்பார்கள். காற்று உள்ளே வருகிற பக்கத்துக்கு ஒன்று, புகை வெளியே போகிற பக்கத்துக்கு ஒன்று. இந்த இன்ஜினில் புகைப்பக்கத்துத் தண்டு மட்டும் விரிசல் விட்டிருந்தது. சாதாரணக் காராக இருந்தால் கடையில் கிடைத்துவிடும். இது பந்தயத்துக்கென்று கொஞ்சமே செய்த ரகம், மேடுகள் கொஞ்சம் உயரம். தொழிற்சாலையே மூடி முப்பது வருஷமாகிறது. தரையில் ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே அந்தத் தண்டுக்காக ஒரு கை நீளத்துக்குத் தாள் விரித்து, வெறுமையாக விட்டிருந்தார் மெக்கானிக்.

பக்கத்து ஊரில் ஒருவர் இரும்புத் தண்டை வாங்கி, அளவு கொடுத்தால் மூன்றே வாரத்தில் அச்சு மாறாமல் கடைந்து, கெட்டிப்படுத்தித் தந்துவிடுவார். அதை முதல் மாதமே மெக்கானிக் சொல்லிப் பார்த்தார். காரின் சொந்தக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

காரின் சொந்தக்காரர் தலைவர். பழம்பெரும் ஊர்திகள் பாதுகாப்புப் பேரவையின் தலைவர். பேரவையில் பதினோரு பேர் இருந்தார்கள், அதில் ஏழு பேர் துணைத் தலைவர்கள். தம் கார் மணிக்கு இருநூற்று நாற்பது கிலோமீட்டர் பாயும் என்று தலைவர் மேடையில் சொல்வார். அவர் அதை ஓட்டியது வீட்டு கேட்டிலிருந்து முகப்பு வரை. அதுவும் திரும்பும்போது ஆள் வைத்துத் தள்ளினார்கள்.

"கடைந்து தருவதாவது! மாஸ்டர், இது வெறும் கார் அல்ல. ஒரு யுகத்தின் இதயத்துடிப்பு. இதயத்துக்கு டூப்ளிகேட் வைப்பீர்களா?"

"இதயத்துக்கு இப்பல்லாம் வைக்கிறாங்க சார்."

"ஒரிஜினல்! அந்தத் தொழிற்சாலையின் மூச்சுக்காற்று பட்ட ஒரிஜினல்! உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் நான் கொண்டுவருகிறேன்."

கொண்டுவரத்தான் செய்தார். மூன்றாம் மாதம் ஒரு தண்டு வந்தது. அது காற்றுப்பக்கத்தது. ஐந்தாம் மாதம், எங்கோ ஒரு பந்தய வீரரின் விதவையிடமிருந்து ஒன்று. பிரித்துப் பார்த்தால் டிராக்டருக்கானது. அந்த அம்மாளின் துயரத்துக்கு மரியாதை கொடுத்து அதைத் திருப்பி அனுப்பவில்லை. எட்டாம் மாதம் புகைப்படம் மட்டும் வந்தது, தண்டு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் தலைவர் பேரவையைக் கூட்டி அறிவித்தார். ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் மைக்ரோமீட்டரை வைத்து அளந்து, "இல்ல சார்" என்றார். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே அவர் முகம் அந்த வடிவத்துக்கு வந்துவிட்டது.

பத்தாம் தேதி மத்தியானம் தலைவர் கார் வந்து நின்றது. அது புதுக் கார், ஓடுகிற கார். டிரைவர் ஒரு நீளப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு பின்னால் வந்தார். கண்டக்டரம்மா விடுப்பில் இருந்தார். அடுப்படி வாசலில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார்.

"அம்மா, எழுந்திருக்க வேண்டாம்" என்றார் தலைவர். அவர் எழுந்திருக்க முயலவே இல்லை.

பெட்டிக்குள் ஊதா வெல்வெட். அதில் எண்ணெய் மினுமினுக்க, கண்ணாடி மாதிரி, புகைப்பக்கத்துக் கேம்ஷாஃப்ட்.

"பயன்படுத்தப்படாதது. தொழிற்சாலைப் பந்தயப் பிரிவின் பெட்டகத்திலிருந்து. உலகில் எஞ்சியிருக்கும் ஒன்றே ஒன்று. நாலு நாடு கடந்து வந்திருக்கிறது, மாஸ்டர்! ஞாயிற்றுக்கிழமை பேரவை போட்டோகிராபரோடு வருகிறேன். பொருத்தும் வைபவத்தைப் பதிவு செய்ய வேண்டும்."

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் தண்டைத் தூக்கினார். நீளம் சரி, மேட்டின் உயரம் சரி. பதினாலு மாதத்தில் முதல் தடவையாக "இல்ல சார்" வரவில்லை. தலைவர் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். மேடையில் விடுகிற அளவுக்குப் பெரியது.

அவர் போன பிறகு மெக்கானிக் தண்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டே இருந்தார். பின்பக்க விளிம்பு வந்ததும் கை நின்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா முகம் இப்படிப் போகுது? இங்க குடுங்க."

நீட்டினார். கண்டக்டரம்மா மடியில் வைத்துப் பார்த்தார். விளிம்பில், பாலீஷ் போட்டும் மறையாத ஆழத்தில், முக்கோணமாக மூன்று புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் இடப்பக்கம் சின்னதாக ஒரு வால். மெக்கானிக்கின் பஞ்சின் நுனி பல வருஷத்துக்கு முன்னால் துளி உடைந்தது. அதனால் வந்த வால். கண்டக்டரம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலிலும் அதே வால்தான்.

"இது நம்ம குக்கர் புள்ளி!"

"ஆமா."

"நீங்க கழிச்சதா?"

"இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. ஒரு டாக்டர்கிட்ட இதே ரக வண்டி இருந்துச்சு. நாலாவது மேட்டுல மேல்தோல் போயிடுச்சு. கெட்டித் தோல் போனா உள்ள மெத்து இரும்பு. கழிச்சேன். பழைய இரும்புக்காரன் எடைக்குத் தூக்கிட்டுப் போனான்."

"அது நாலு நாடு சுத்திப் பாத்துட்டு நம்ம வீட்டுக்கே வந்திருக்கு. நான் இந்த ஊரு பஸ் ரூட்டைத் தாண்டினதில்ல."

மெக்கானிக் மெல்லிய அரத்தை எடுத்து, மற்ற மேடுகளில் இழுத்துப் பார்த்தார். அரம் வழுக்கிக்கொண்டு போனது. நாலாவது மேட்டில் கடித்தது. பொடி உதிர்ந்தது. அவருக்கு அது தெரியும், இருந்தாலும் ஒரு தடவை கடிக்காமல் இருந்துவிடாதா என்று பார்த்தார்.

சாயங்காலம் அடுப்படியில் இரண்டு பேரும் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார்கள். மழை விட்டிருந்தது. அறையிலிருந்து எண்ணெய் வாசனை வந்துகொண்டே இருந்தது. ரொட்டியிலும் அதுதான்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அதையே போட்டுப் பூட்டினா எவ்வளவு தூரம் ஓடும்?"

"ரெண்டாயிரம் கிலோமீட்டர். மூவாயிரம்."

"அவரு ஓட்டற லட்சணத்துக்கு எத்தனை வருஷம் வரும்?"

மெக்கானிக் கொஞ்சம் யோசித்தார். நேர்மையான மனிதர், கணக்குப் போட்டுப் பார்த்தார். "நாப்பது வருஷம்."

"அவருக்கு வயசு?"

"எழுபத்தி ஒண்ணு."

"அப்புறம் என்னங்க?"

"இந்தத் தடவை மலைப் பந்தயத்துல விடப்போறாராம். அவரு ஓட்டலை, ஓட்டறதுக்கு ஆள் வச்சிருக்காரு. மேடு தேய்ஞ்சு பொடியாகும். பொடி எண்ணெயோட கலந்து பேரிங் எல்லாத்துலயும் ஏறும். நான் பதினாலு மாசம் உரசி உரசி உட்கார வச்ச பேரிங்." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் ஆகாதுன்னு சொன்னதை நானே எப்படிப் போடுவேன்?"

"அந்தத் தலைவரை மட்டும் சொல்றீங்களே. நீங்களும் ஒரு பேரவைதான். ஒரே ஒரு உறுப்பினர். அவரே தலைவர்."

அவர் ரொட்டியைப் பிய்த்தார். கண்டக்டரம்மா விடவில்லை. ஆனால் குரல் இறங்கிவிட்டது.

"நான் வம்புக்குச் சொல்லலைங்க. எனக்கு முடியல. காலையில எழுந்து கால் கீழ வைக்கறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் உட்கார்ந்து அதுகிட்ட கெஞ்சறேன். இன்னும் எட்டு மாசம் கெஞ்சணும்னா... ஒரு வேலை பண்ணுங்க. அந்தப் பஞ்சை எடுத்துட்டு வந்து என் முட்டியிலயும் மூணு தட்டு தட்டிடுங்க. ஆகாதுன்னு ஆகட்டும்."

மெக்கானிக் தட்டைக் கழுவப் போனார். ஒரு தட்டை வெகுநேரம் கழுவினார்.

மறுநாள் கண்டக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு போன் செய்து, தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டார். "முடியும்மா, அடுத்த வருஷம்" என்றது அந்தப் பக்கம். "நாளைக்கழிச்சு சொல்றேன்" என்று வைத்தார். மெக்கானிக் பிஸ்டன்களுக்கு நடுவே குந்தியிருந்தார், கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்று பூராவும் அவர் எதையும் துடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் சட்டைப்பையில் பூ வைத்துக்கொண்டு வந்தார். பின்னால் போட்டோகிராபர். அவர் பாதைக்குள் நுழைய முடியாமல் ஜன்னலுக்கு வெளியே நின்று கேமராவை உள்ளே நீட்டினார்.

"சார், இதப் போட முடியாது" என்றார் மெக்கானிக்.

"அளவு சரியில்லையா?"

"அளவு சரி. சாமான் ஆகாது. நான் கழிச்ச சாமான் சார் இது. இந்தாங்க, என் புள்ளி."

தலைவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் பரவசம்.

"மூன்று புள்ளி! மாஸ்டர், உங்கள் கண்ணே கண்! இதோடு வந்த சான்றிதழில் தனிப் பத்தியே இருக்கிறது." உள்பையிலிருந்து தடித்த தாளை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "முக்கோண முப்புள்ளி என்பது பந்தயப் பிரிவின் தலைமைப் பரிசோதகருடைய தனி முத்திரை. ஆயிரத்தில் ஒன்றாகத் தேறிய பாகங்களில் மட்டுமே காணக்கிடைப்பது. புள்ளிகளின் வால், அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதைக் காட்டுகிறது."

"இடக்கை இல்ல சார். பஞ்சோட மூக்கு உடைஞ்சது. கடப்பாரைக்கு அடியில விழுந்து."

"இதை நான் சொல்லவில்லை. ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்."

மெக்கானிக் பஞ்சை எடுத்துவந்தார். காலி எண்ணெய் டின்னின் மேல் மூன்று தட்டுத் தட்டினார். டின்னையும் தண்டையும் பக்கத்துப் பக்கத்தில் பிடித்தார். மூன்று புள்ளி, மூன்று வால். ஜன்னலில் போட்டோகிராபரே "அட" என்றார். பிறகு அரத்தை எடுத்து நாலாவது மேட்டில் வைத்தார்.

"நிறுத்துங்கள்! அரமா? அதன் மேலா?" தலைவர் தண்டைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். எண்ணெய் சட்டைப் பூவில் ஏறியது. மூச்சு வாங்கிய பிறகு, பஞ்சை உற்றுப் பார்த்தார். "இந்தப் பஞ்சு உங்களுக்கு எங்கே கிடைத்தது?"

"சந்தையில. பழைய சாமான் கடையில."

"அப்படியென்றால் இதுவும் அந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்ததாக இருக்கலாம். மாஸ்டர், இதைப் பேரவைக்கு நன்கொடையாகத் தரலாமே?"

அடுப்படி வாசலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கண்டக்டரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

"சார்," என்றார் மெக்கானிக். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். "பக்கத்து ஊர்ல கடைஞ்சு வாங்கிடலாம். மூணு வாரம். இத நான் போட மாட்டேன்."

"போட மாட்டீர்களா?"

"மாட்டேன் சார்."

"நிபுணர்கள் ஒப்புக்கொண்டதை ஒரு பட்டறைக்காரர் மறுப்பதா? என் இன்ஜினை நான் எடுத்துக்கொள்கிறேன். போடுகிற மாஸ்டர்கள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் இது இங்கே இருக்கக் கூடாது!"

மிரட்டிவிட்டதாகத் தலைவர் நினைத்திருப்பார். மெக்கானிக் மெதுவாகத் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அவரும் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பதினாலு மாதமாகக் கெஞ்சியும், திட்டியும், வலியைக் காட்டியும் காலியாகாத அறை.

"வெள்ளிக்கிழமைங்களா?" என்று கண்டக்டரம்மா கேட்டார்.

"வெள்ளிக்கிழமை!"

"ரைட். போலாம், ரைட்!"

இருபத்தி நாலு வருஷத்துக் குரல். ஜன்னலுக்கு வெளியே போட்டோகிராபர் தன்னையறியாமல் ஓரடி நகர்ந்தார்.

அந்த நாலு நாளும் மெக்கானிக் முன்னெப்போதும் செய்யாத ஒன்றைச் செய்தார். எழுதினார். ஒவ்வொரு நட்டையும் துணிப்பையில் போட்டு, எண் போட்டு, எங்கே இருந்தது, எதற்குப் பிறகு ஏறும் என்று அட்டையில் எழுதிக் கட்டினார். அவர் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். கண்டக்டரம்மா ஸ்டூலில் கால் நீட்டியபடியே, அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தார். சீட்டுக் கிழித்த கைக்கு எண்கள் சுலபமாக வந்தன.

"நூத்திப் பன்னெண்டு. வால்வ் மூடி, இடது, ரெண்டாவது."

"எழுதிட்டேன். நூத்திப் பதிமூணு யாரு? சீக்கிரம் ஏறுங்க, வண்டி நிக்காது."

வியாழக்கிழமை கண்டக்டரம்மாவின் தம்பி லாரியோடு வந்தார். லாரி ஓட்டுகிறவர், எதையும் பத்தே நிமிடத்தில் ஏற்றிவிட முடியும் என்று நம்புகிறவர்.

"என்ன மாமா, இவ்வளவு எழுதி வச்சிருக்கீங்க? அங்க வாங்கிக்கிறவன் ஒரே சாக்குல கொட்டப்போறான்."

"கொட்டட்டும் மச்சான்."

"அப்ப எதுக்கு?"

"அவன் கொட்டறது அவன் பாடு. நான் கொட்டிக் குடுக்கக் கூடாது."

"அக்கா, இவரு மாறவே மாட்டாரா?"

"தூக்குடா, பேசாம. வலது பக்கம் புடி. அதுதான் கனம்."

கடைசியாக, தலைவர் இங்கேயே விட்டுப்போயிருந்த வெல்வெட் பெட்டியோடு அவருடைய டிரைவர் நின்றார். அதை லாரியில் ஏற்றக் கூடாது, கையிலேயே கொண்டுவர வேண்டும் என்று உத்தரவாம்.

"தம்பி, ஒரு நிமிஷம் குடு" என்றார் மெக்கானிக். தண்டை எடுத்து, வாசல்படியில் மரக்கட்டை மேல் வைத்தார். பழைய புள்ளிகளுக்குப் பக்கத்தில் பஞ்சை நிறுத்தினார். டக். டக். டக்.

"ஐயோ மாஸ்டர்! என் வேலை போயிடும்!"

"நீ பாக்கல. லாரியைப் பாத்துட்டிருந்த."

"எதுக்கு மாஸ்டர் மறுபடியும்?"

"ஒரு தடவை சொன்னது அவருக்குக் கேக்கல. அங்க பூட்டறவனுக்காவது கேக்கட்டும்."

லாரி போன பிறகு செய்தித்தாள்களைச் சுருட்டி எடுத்தார்கள். பதினாலு மாத எண்ணெய் தாளைத் தாண்டிச் சிமெண்டில் இறங்கியிருந்தது. முழு இன்ஜினும் கறையாகத் தரையில் படுத்திருந்தது. சோப்பு, சோடா, மண்ணெண்ணெய், எதற்கும் போகவில்லை. மெக்கானிக் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அறை பெரிதாக, அந்நியமாக இருந்தது. சத்தம் போட்டால் எதிரொலித்தது.

"அழுதுடாதீங்க" என்றார் கண்டக்டரம்மா. "கட்டிலை இறக்கணும்."

இருபத்தி மூணாம் தேதி ஆபரேஷன் நடந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு தினமும் இரண்டு வேளை நடக்க வேண்டும், தினமும் கொஞ்சம் கூட்ட வேண்டும் என்பது ஆஸ்பத்திரிக் கட்டளை. எத்தனை அடி என்று அளக்க அவருக்கு டேப் தேவைப்படவில்லை, தரையில் இருந்த இன்ஜின் கறைகளே போதும்.

"நேத்து ரெண்டாவது பிஸ்டன் வரைக்கும் போனேன். இன்னிக்கு நாலாவது பிஸ்டன்."

"மெதுவா. பிஸ்டனைத் தாண்டாத."

பட்டறையில் வேலை அதிகமில்லை. ஸ்கூட்டர் இரண்டு, தண்ணீர் மோட்டார் ஒன்று. மத்தியானமே மெக்கானிக் வந்துவிடுவார். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, கண்டக்டரம்மா நடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேசுவதற்கு இரண்டு பேரிடமும் பெரிதாக ஒன்றும் இல்லை. வலிக்குதா என்பார் ஒருவர், இல்லை என்று பொய் சொல்வார் மற்றவர்.

ஆறாவது வாரம் லாரிக்காரத் தம்பி ஒரு பளபளப்பான பத்திரிகையோடு வந்தார். பேரவையின் ஆண்டு மலர். அட்டையில் தலைவர். பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் வெல்வெட், வெல்வெட்டில் கேம்ஷாஃப்ட்.

"படிடா" என்றார் கண்டக்டரம்மா.

"'உலகில் வேறெங்கும் காணக்கிடைக்காத ஆறு புள்ளி முத்திரை. தலைமைப் பரிசோதகர் இருமுறை சோதித்துப் பாராட்டிய ஒரே பாகம். இத்தகைய அரும்பொருளை இன்ஜினில் சுழலவிட்டுத் தேய்ப்பது வரலாற்றுக்கு இழைக்கும் துரோகம் என்று தலைவர் முடிவு செய்து, அதைக் கண்ணாடிப் பேழையில் பாதுகாக்கிறார்.'"

"அப்ப இன்ஜினுக்குள்ள?" என்று மெக்கானிக் கேட்டார். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அதான் மாமா சொல்ல வந்தேன். பக்கத்து ஊர்ல கடையறாரே, உங்க சிநேகிதர். அவருதான் புதுசா ஒண்ணு போட்டுக் குடுத்தாராம். பூட்டினவனும் சாக்குல கொட்டலையாம். அக்கா எழுதின அட்டையைப் பாத்துப் பாத்துத்தான் பூட்டினானாம். முதல் அடியிலேயே கிளம்பிடுச்சாம். சத்தம் கம்முனு இருந்துச்சாம்."

மெக்கானிக் சுவரைப் பார்த்தார். சிரிப்பதா என்று அவருக்குப் புரியவில்லை. கடைசியில், "எண்ணெய் பிரஷர் எவ்வளவு காட்டிச்சாம்?" என்றார்.

"அதை நான் கேக்கல மாமா."

"கேட்டிருக்கலாம்."

கண்டக்டரம்மா வாக்கரை ஒருபக்கம் தள்ளி வைத்தார். சுவரையும் பிடிக்கவில்லை. கிராங்கிலிருந்து கிளம்பி, பிஸ்டன்களை ஒவ்வொன்றாகத் தாண்டி, ஃப்ளைவீலைச் சுற்றிக்கொண்டு, ஹெட்டின் கறை வரை வந்தார். நெற்றியில் வேர்த்திருந்தது. ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நீளத்துக்கு மட்டும் தரை கறையே இல்லாமல், வெளுப்பாக, சுத்தமாக இருந்தது. பதினாலு மாதமும் வந்து சேராத தண்டுக்காகக் காத்திருந்த இடம்.

அவர் இரண்டு காலையும் சேர்த்து அதில் வைத்து நின்றார்.

"ஏங்க, நாற்காலியை இங்க எடுத்துட்டு வாங்க. இங்க காத்து நல்லா வருது."

மெக்கானிக் எழுந்துபோய், மூணு புள்ளி வைத்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழியில் ஒரு கறையையும் மிதிக்கவில்லை.